ஆறு நிறங்களை உடலிலிருந்து இறக்கியபோது: லேச்யை மரம் லினோ அச்சான நிகழ்வு

பின்னணி

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு தமிழ்ச் சமணக் குடும்பம் முன்னோர் நினைவாகப் படிப்பகம் கட்டியது. அதன் சுவரில் மாட்டவும், சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குக் கொடுக்கவும் சமண அறத்தைச் சொல்லும் படம் ஒன்று வேண்டும் என்று குடும்பத்துப் பெரியவர் விரும்பினார். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கடையில் கிடைக்கும் படங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. ஓவியரைக் கொண்டு சுவரில் வரைந்தால் பள்ளிகளுக்குக் கொடுக்க வழியில்லை. கையால் செதுக்கி அச்சிட்டால் ஒரே படத்தை இருபது பேருக்குக் கொடுக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படித்தான் சென்னையில் நான் பொறுப்பில் இருக்கும் அச்சுக்கூடத்துக்கு வந்தார். அங்கே ஒரு மேசையை வாடகைக்கு எடுத்து வேலை செய்துவந்த ஒரு பெண் கலைஞர் பணியை ஏற்றுக்கொண்டார். அச்சிடும் பொறுப்பு என்னுடையது. உதவிக்கு ஒரு மாணவர் இருந்தார்.

நல்வினை தீவினைகளைச் சொல்லும் பழைய ஓவியத்தை இன்றைய அச்சுக்குக் கொண்டுவரும்போது, எதை அப்படியே எடுப்பது, எதை விடுவது என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். எங்களுக்கு அது எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அதனால்தான் தொடக்கம் முதல் முடிவுவரை எழுதிவைக்கிறேன். சம்பந்தப்பட்ட யாருடைய பெயரும் இதில் இல்லை.

மூல ஓவியமும் அதன் கதையும்

கர்நாடகத்தில் உள்ள சமணத் தலமான சிரவணபெளகொளவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மலைமேல் நிற்கும் கோமடேசுவரர் சிலையைத் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கீழே ஊருக்குள் இருக்கும் சமண மடத்தின் சுவர்களில் மைசூர் பாணியில் வரைந்த ஓவியங்கள் உள்ளன. தீர்த்தங்கரர் வரலாறுகள், அரச தர்பார்க் காட்சி ஆகியவற்றோடு, காட்டில் ஒரு மரத்தைச் சுற்றி ஆறு பேர் இருக்கும் காட்சியும் அங்கே உண்டு. அதுதான் லேச்யை ஓவியம். பெரியவர் சிறுவயதில் தந்தையோடு போய் அதைப் பார்த்தவர். படிப்பகத்துக்கு என்ன படம் என்று கலைஞர் கேட்டதும் யோசிக்காமல் இதைத்தான் சொன்னார்.

கதை எளிது. வழிதவறிய ஆறு வழிப்போக்கர்கள் நடுக்காட்டில் பழம் நிறைந்த மரத்தைப் பார்க்கிறார்கள். ஆறு பேருக்கும் ஒரே பசி. மரத்தை வேரோடு சாய்க்க வேண்டும் என்கிறான் ஒருவன். அடிமரத்தை வெட்டினால் போதும் என்கிறான் அடுத்தவன். மூன்றாமவன் பெரிய கிளைகளை, நான்காமவன் சிறு கிளைகளை என்கிறார்கள். பழங்களை மட்டும் பறிப்போம் என்கிறான் ஐந்தாமவன். தானாக உதிர்ந்து கிடக்கும் பழங்களே போதும் என்கிறான் ஆறாமவன். இவர்களுக்கு முறையே கருமை, நீலம், புறாச் சாம்பல், பொன்மஞ்சள், தாமரை இளஞ்சிவப்பு, வெண்மை என்று ஆறு நிறங்கள். முதல் மூன்றும் தீயவை, பின் மூன்றும் நல்லவை. வினையால் உயிரில் படியும் சாயல்தான் லேச்யை.

10ஆம் நூற்றாண்டில் நேமிசந்திர சித்தாந்த சக்ரவர்த்தி பிராகிருதத்தில் எழுதிய கோம்மடசாரம் இந்தக் கதையைச் சில வரிகளிலேயே சொல்லி முடித்துவிடுகிறது. மலைமேல் இருக்கும் சிலையை எடுப்பித்த கங்க நாட்டு அமைச்சர் சாமுண்டராயரின் காலத்தவர் நேமிசந்திரர். நூலும் சிலையும் சுவரோவியமும் ஒரே ஊரோடு பிணைந்தவை. அந்தப் பிணைப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆறு நிறப் படிநிலை தமிழுக்கும் புதிதல்ல. மணிமேகலையின் 27ஆம் காதையில் ஆசீவகக் கொள்கையாகக் கரும்பிறப்பு, கருநீலப் பிறப்பு, பசும்பிறப்பு, செம்பிறப்பு, பொன்பிறப்பு, வெண்பிறப்பு என்று ஆறு வருகின்றன. சமயம் வேறு, நடுவில் உள்ள நிறங்களும் முழுதும் ஒன்றல்ல. கருமையில் தொடங்கி வெண்மையில் முடிவது இரண்டிலும் ஒன்று.

முதல் வரைவும் அச்சு முறையும்

கலைஞர் மடத்துக்குப் போய்ப் பார்த்துவந்து வரையத் தொடங்கினார். சுவரோவியத்தோடு, பாடசாலைப் புத்தகங்களிலும் கோயில்களில் மாட்டும் படங்களிலும் இக்கதைக்கு இன்று பரவலாக இருக்கும் வடிவத்தையும் எடுத்துக்கொண்டார். அந்த வடிவத்தில் ஆறு பேரின் உடலுக்கும் ஆறு நிறம் பூசியிருக்கும். வேரை வெட்டுகிறவன் தலைமுதல் கால்வரை கறுப்பு. உதிர்ந்த பழத்தைப் பொறுக்குகிறவன் தூய வெள்ளை. முதல் வரைவு அப்படியே அமைந்தது.

அச்சுக்கு அவர் தேர்ந்தெடுத்தது லினோலியம் என்ற மென்மையான தகட்டாலான ஒரே கட்டையில் செதுக்கிச் செதுக்கி அச்சிடும் லினோ முறை. ரிடக்‌ஷன் என்று கூடத்தில் சொல்வோம். 1950களின் இறுதியில் பிக்காசோ தென் பிரான்சில் இருந்தபோது இதைக் கையாண்ட பிறகு உலகெங்கும் பரவியது. பல நிறப் படத்துக்கு வழக்கமாக நிறத்துக்கு ஒரு கட்டை வேண்டும். இதில் ஒரே கட்டைதான். வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தை முதலில் செதுக்கி எடுத்துவிட்டு மிக வெளிர் நிறத்தை எல்லாத் தாளிலும் அச்சிட வேண்டும். அந்த நிறமாகவே நிற்க வேண்டிய இடத்தையும் செதுக்கி எடுத்துவிட்டு அடுத்த நிறத்தை அதன்மேல் அச்சிட வேண்டும். இப்படியே போய்க் கடைசியில் கறுப்பு. செதுக்கிய இடம் திரும்ப வராது. எத்தனை படி என்பதை முதல் நாளே முடிவு செய்தாக வேண்டும்.

வெண்மையில் தொடங்கிக் கருமையில் முடியும் அச்சு வரிசை, லேச்யையின் ஏணியை மேலிருந்து கீழே இறங்குவது போல இருக்கிறது என்பது கலைஞரின் ஈர்ப்பு. வேலை முடியும்போது கட்டையில் கறுப்பாக அச்சாகும் இடம் மட்டுமே மிஞ்சும், மற்ற எல்லாம் செதுக்கிப் போயிருக்கும். அதை அவர் சொன்னபோது எனக்கும் அது பொருத்தமாகவே பட்டது. ஆனால் இது அச்சுக்கூடத்துக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும் அழகு. தாளைப் பார்க்கிறவருக்கு அது தெரியாது. இதை அப்போதே தனியாகக் குறித்துவைத்திருக்கலாம் என்பது என் கருத்து.

வரைவைப் பார்த்த பெரியவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார். கலைஞர் பார்த்த படம் ஒன்றில் நான்காமவன் சிவப்பு, ஐந்தாமவன் மஞ்சள். சமணத்தின் இரு பெரும் பிரிவுகளில் ஒன்றான, உத்தராத்யயன சூத்திரத்தைப் பின்பற்றும் சுவேதாம்பர மரபு அது. தமிழ்ச் சமணர்கள் மற்றப் பிரிவான திகம்பரர்கள். கோம்மடசாரத்தின்படி நான்காவது பொன்னிறம், ஐந்தாவது தாமரை நிறம். “எங்க ஊர்ல மாட்டப்போற படம்மா, எங்க நூல்ல இருக்கிற மாதிரியே இருக்கட்டும்” என்றார். செதுக்குவதற்கு முன்பே தெரிந்ததால் மாற்றுவது எளிதாக இருந்தது.

சோதனைப் படியில் தெரிந்தது

பெரிய கட்டையைத் தொடுமுன் அஞ்சலட்டை அளவுக்குச் சிறு கட்டையில் ஆறு நிறத்தையும் அச்சிட்டுப் பார்த்தோம். மைகள் ஒன்றன்மேல் ஒன்று எப்படி உட்காருகின்றன என்று பார்ப்பதே நோக்கம். அந்தச் சிறு படிகள் சிலவற்றைப் பெரியவர் ஊருக்கு எடுத்துப் போனார். படம் கிடைக்கவிருந்த பள்ளிகளில் ஒன்றின் ஆசிரியை அதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டினார். கலைஞரும் அன்று அங்கே இருந்தார்.

கதையைச் சொல்லாமல், “இதுல யாரு நல்லவங்க, யாரு கெட்டவங்க?” என்று கேட்டிருக்கிறார் ஆசிரியை. பெரும்பாலான பிள்ளைகள் உடனே கறுப்பு மனிதனைக் காட்டினார்கள். ஏன் என்று கேட்டதற்கு வந்த பதில், “அவரு கறுப்பா இருக்காரு.” கோடரியையோ வேரையோ யாரும் காரணமாகச் சொல்லவில்லை. வெள்ளை மனிதன் என்ன செய்கிறான் என்று பார்க்காமலே அவனை நல்லவன் என்றார்கள். கதையைச் சொல்லி முடித்த பிறகு ஒரு பையன் கேட்டிருக்கிறான்: “டீச்சர், எங்கப்பாவும் மரந்தான் வெட்டுவாரு. அவரு கெட்டவரா?”

கலைஞர் திரும்பிவந்து இதைச் சொன்னபோது அச்சுக்கூடத்தில் வேலை நின்றது. கேட்ட பிள்ளைகளில் பாதிப்பேர் கறுப்பு நிறத்தவர்கள். சினிமாவிலும் விளம்பரத்திலும் கல்யாண வரனிலும் கறுப்பைத் தாழ்த்தும் பழக்கம் ஊறிப்போன நாட்டில், பாவத்துக்குக் கறுத்த உடலையும் புண்ணியத்துக்கு வெளுத்த உடலையும் கொடுத்து, அந்தப் படத்தைப் பள்ளிச் சுவரில் நாம் மாட்டப் போகிறோம். கூலிக்கு மரம் வெட்டுகிறவரின் உழைப்பும் அதே பாவத்தின் உருவமாகிவிட்டது. கதை சொல்லாத இரண்டு செய்திகளைப் படம் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைகள் தவறாகப் பார்க்கவில்லை. படத்தில் இருந்ததைத்தான் பார்த்தார்கள்.

கலைஞர் பணியை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார். நான் முதலில் பெரியவரோடு பேசச் சொன்னேன்.

நூல் சொல்வது

பெரியவர் முதலில் ஏற்கவில்லை. “காலங்காலமா இப்படித்தானேம்மா போடறாங்க? கிருஷ்ண லேச்யைன்னா கறுப்புதான். அதை மாத்தினா லேச்யையே இல்ல” என்றார். கலைஞர் விவாதிக்காமல் அந்தப் பையன் கேட்டதை மட்டும் சொன்னார். பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. “நூலைப் பாத்துட்டு வரேன்” என்று கிளம்பினார்.

அடுத்த முறை அவர் கோம்மடசாரத்தின் உரையோடு வந்தார். அதில் லேச்யை இரண்டாகப் பிரிகிறது. உடலின் நிறம் திரவிய லேச்யை. அது உடலை உருவாக்கும் வினையால் வருவது. உயிரின் எண்ணச் சாயல் பாவ லேச்யை. ஆசையும் சினமும் கலந்த மன இயக்கத்தால் வருவது. இரண்டும் ஒன்றையொன்று பின்தொடர வேண்டியதில்லை. உடல் எந்த நிறமாக இருந்தாலும் உள்ளே எந்த லேச்யையும் இருக்கலாம். மரத்தின் கதை குணத்தைக் காட்டச் சொன்ன கதை, அதாவது உள்ளத்தின் லேச்யையைப் பற்றியது. “அப்போ உடம்புல நிறம் பூசணும்னு நூல் கேக்கலைம்மா. வரையறவங்களுக்கு வசதியா இருந்ததால பூசியிருக்காங்க” என்றார் பெரியவர்.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் எங்கள் வேலை திரும்பியது. பழைய ஓவியர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. மடத்துக்கு வருகிறவர்களுக்குக் கதை முன்பே தெரியும், பக்கத்தில் விளக்குகிறவரும் இருப்பார். பள்ளிச் சுவரில் படம் தனியாக நிற்கும்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். லேச்யை ஓர் ஆளுக்கு ஒன்று என்று நிலைத்து நிற்பதில்லை. ஒரே மனிதருக்குள் முகூர்த்தத்துக்கும் குறைந்த நேரத்தில், அதாவது 48 நிமிடத்துக்குள்ளாகவே அது மாறக்கூடும். இதைக் கேட்டதும் கலைஞர் பென்சிலை எடுத்துவிட்டார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, ஆறு பேரும் ஒரே ஆள். ஒரே முகம், ஒரே உடல், ஒரே உடை. ஒரே மனிதர் மரத்தைச் சுற்றி ஆறு இடங்களில் நிற்கிறார். உடலுக்குச் செம்மண் நிறம். ஆறு லேச்யை நிறத்தில் எதுவும் அதில் கலக்கக் கூடாது.

இரண்டாவது, எல்லோர் தோளிலும் ஒரு துணிமூட்டை. நூல் இவர்களை வழிதவறிய வழிப்போக்கர்கள் என்றே சொல்கிறது. பரவலான படங்களில் அது மறைந்து, கோடரி பிடித்தவன் தொழில்முறை மரவெட்டியாகவே தெரிகிறான். மூட்டை திரும்ப வந்ததும் அவர்கள் பசித்த பயணிகளானார்கள். மரம் வெட்டும் தொழிலின் மேல் விழுந்த பழி அதனால் நீங்கும் என்று எதிர்பார்த்தோம்.

மூன்றாவது முடிவு எடுக்கத்தான் நாளானது. உடலை விட்டு இறங்கிய ஆறு நிறமும் எங்கே போவது? கலைஞர் பழைய ஐரோப்பிய அற ஓவியங்களின் நூல்களை மேசையில் விரித்துவைத்தார். இத்தாலியின் பாதுவா நகரில் 1305இல் திருநிலைப்படுத்தப்பட்ட ஸ்க்ரோவேஞி சிற்றாலயத்தில், சுவரின் கீழ்ப்பகுதியில் ஏழு நற்பண்புகளும் ஏழு தீக்குணங்களும் எதிரெதிரே நிற்கின்றன. ஜோத்தோ அவற்றைக் கற்சிற்பம் போலச் சாம்பல் ஒரே நிறத்தில் வரைந்தார். மேலே வண்ணம் பொங்கும் கதைக் காட்சிகள், கீழே நிறமற்ற குணங்கள். அங்கே எந்த உருவமும் நிறத்தால் நல்லதோ கெட்டதோ ஆவதில்லை. பொறாமையின் வாயிலிருந்து புறப்படும் பாம்பு திரும்பி அவள் கண்ணையே தாக்குகிறது. சினம் தன் மார்பு ஆடையைக் கிழிக்கிறது. நிலையின்மை சக்கரத்தின்மேல் தடுமாறுகிறது. பார்த்தவுடன் செயல்தான் கண்ணில் படுகிறது.

பிளெமிஷ் ஓவியர் புரூகெல் வரைந்து ஆண்ட்வெர்ப் நகரில் ஹிரோனிமஸ் காக் 1558இல் வெளியிட்ட ஏழு பாவங்களின் செப்புத்தகட்டு அச்சுகளையும் பார்த்தோம். அவை முழுக்கக் கறுப்பு மையும் வெறும் தாளும் மட்டும். அங்கும் பாவம் என்பது நூறு சிறு செயல்களாகப் பரந்து கிடக்கிறது. இவற்றிலிருந்து நாங்கள் எந்த உருவத்தையும் எடுக்கவில்லை. குணத்தை உடலில் பூசாமல் காட்ட முடியும் என்ற துணிவை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அதன்பின் கலைஞர் வந்தடைந்த தீர்வு இது. நிறம், ஒவ்வொருவர் கையும் மரத்தைத் தொடும் இடத்தில் இருக்கும். வேர் கறுப்பு. அடிமரத்தின் வெட்டு நீலம். பெருங்கிளையில் சாம்பல். சிறு கிளைகளில் பொன்மஞ்சள். பறித்த பழம் தாமரை நிறம். உதிர்ந்து கிடக்கும் பழம் மை படாத தாள். ஆறு நிறமும் மரத்தின்மேல் கீழிருந்து மேலேறி, மறுபடி தரைக்கு இறங்கும்.

வெண்மைக்கு மை இல்லாமல் தாளையே விடுவது எங்கள் எல்லோருக்கும் பிடித்தது. மரத்திடமிருந்து எதையும் எடுக்காதவனுக்கு அச்சிலும் எதுவும் செய்யாமல் விடுவது சரியாக இருந்தது. ஆனால் வானமும் வெறும் தாளாக இருந்தால் வெண்மைக்குத் தனி மதிப்பில்லை. அதனால் உதிர்ந்த பழங்களைத் தவிர மீதித் தாள் முழுவதும் முதலில் வெளிர் மணல் நிறம் அச்சிட முடிவானது.

கறுப்புக் கோடு வேண்டாம் என்பதும் அதே காரணத்தால்தான். லினோவில் உருவங்களுக்குக் கறுப்பு வெளிக்கோடு போடுவது வழக்கம், பார்க்கவும் எடுப்பாக இருக்கும். இந்தப் படத்தில் கறுப்பு வேருக்கு மட்டும் உரியது. கோடாக எல்லா இடத்திலும் ஓடினால் அதன் பொருள் போய்விடும்.

இடம் வலம் பற்றியும் ஒரு முடிவு. பெரியவர் நூல் வரிசைப்படி இடப்பக்கம் வேர் வெட்டுகிறவனில் தொடங்கி வலப்பக்கம் முடிய வேண்டும் என்றார். அச்சு திருப்பிக் காட்டும் என்பதால் வரைவைத் திருப்பிக் கட்டையில் ஏற்றினோம். படத்துக்குக் கீழே நிறங்களின் பெயர் எழுதவில்லை. பெயர் இருந்தால் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்க்க மாட்டார்கள் என்று ஆசிரியை சொன்னது சரியாகப் பட்டது.

அச்சிட்ட விதம்

20 படிகள் வேண்டும் என்பதால் 30 தாள்களில் தொடங்கினோம். புதுச்சேரியில் கையால் செய்த பருத்திக் காகிதம். தாளின் ஓரத்தில் துளையிட்டு முளைகளில் பொருத்தும் முறையில் ஒவ்வொரு சுற்றும் அதே இடத்தில் உட்காரும்படி செய்தோம்.

மணல் நிறம் முதலில். பிறகு மஞ்சளும் தாமரை நிறமும் ஒரே சுற்றில். இரண்டும் தள்ளித்தள்ளி இருப்பதால் சிறு உருளைகளால் அந்தந்த இடத்தில் மட்டும் மை ஏற்றி, மற்ற இடத்தைக் காகிதத்தால் மறைத்தோம். தாமரை நிறம் மஞ்சளின்மேல் விழுந்தால் ஆரஞ்சாகிவிடும், ஆறில் இல்லாத நிறம் அது. மூன்றாவது சுற்று செம்மண், உடல்களுக்கும் மரப்பட்டைக்கும். நான்காவதில் சாம்பலும் நீலமும். செம்மண்ணின்மேல் நீலம் அழுக்காகத் தெரிந்ததால் வெள்ளை மை கலந்து ஒளிபுகாததாக்கினோம். கடைசியில் கறுப்பு.

கறுப்புக்கு ஒரு சிக்கல் இருந்தது. இம்முறையில் கடைசியாக அச்சாகும் இடம் முன்னால் வந்த எல்லா நிறத்தையும் சுமக்கும். வேரில் மை தடித்து, எண்ணெய் பளபளப்போடு நிற்கும். புதிய மை அதில் பிடிக்காமல் வழுக்கும். எனவே முதல் சுற்றிலிருந்தே வேர் இருக்கும் பகுதியில் செய்தித்தாள் துண்டை வைத்து மறைத்து அச்சிட்டோம். கறுப்பு நேராகத் தாளில் இறங்கியது. மங்கலாக, ஒளி பட்டும் மின்னாத கறுப்பு. படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். அழகான கறுப்பாக அது வந்தது, வர வேண்டும் என்றுதான் கலைஞரும் விரும்பினார்.

வேலை ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டது. காற்றின் ஈரத்தில் பருத்திக் காகிதம் விரிந்து, முளையில் சரியாக உட்கார்ந்தாலும் படத்தின் மறுகோடியில் நிறம் விலகியது. தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் மூடிவைத்து, அச்சிடும் அன்று மட்டும் வெளியே எடுத்தோம். எண்ணெய் மை காயவும் மறுத்தது. காயும் மருந்து சில துளி சேர்த்தும், சுற்றுக்குச் சுற்று நீண்ட இடைவெளி விட வேண்டியிருந்தது. விலகிய தாள்களை ஒதுக்கியபின் நல்ல படிகளாக 21 தேறின. ஒன்று அச்சுக்கூடத்தில் இருக்கிறது.

அதன்பின் நடந்தவை

படிப்பகத்தில் படம் மாட்டியபின் அதே ஆசிரியை அதே வகுப்பை அழைத்துவந்தார். அதே கேள்விதான். இந்த முறை பிள்ளைகள் உடனே யாரையும் காட்டவில்லை. “எல்லாம் ஒரே ஆளுதானே டீச்சர்?” என்று ஒரு பெண் கேட்டாள். பிறகு கை எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள். வேரில் கை வைத்திருப்பது தப்பு என்று சொன்னவர்கள், அதே ஆள் வலப்பக்கம் பழம் பொறுக்குவதையும் காட்டினார்கள். உதிர்ந்த பழம் ஏன் வெள்ளை என்று ஒருவன் கேட்க, அங்கே மையே இல்லை என்று ஆசிரியை தொட்டுக் காட்டினார். மரம் வெட்டும் அப்பாவைப் பற்றி முன்பு கேட்ட பையன் இந்த முறை எதுவும் கேட்கவில்லை. அவனுக்குப் பதில் கிடைத்ததா என்பது ஆசிரியைக்கும் தெரியவில்லை. அதை வெற்றி என்று கணக்கில் எழுதிக்கொள்ள நான் தயாராக இல்லை.

பெரியவர்களிடம் வேறு விதமாக நடந்தது. பார்த்தவர்களில் பலர், “மரம் வெட்டாதீங்கன்னு சொல்ற படம்” என்று எடுத்துக்கொண்டார்கள். நல்ல செய்திதான், ஆனால் இந்தக் கதையின் செய்தி அதற்குள் அடங்கிவிடாது. நிறத்தை உடலிலிருந்து இறக்கி மரத்தில் ஏற்றியதும் கண் மனிதனை விட்டு மரத்துக்குப் போய்விட்டது. பழைய வடிவத்தில் ஆறு மனங்கள் பளிச்சென்று தெரிந்தன. எங்கள் படத்தில் அவற்றைக் கிட்டப்போய்த் தேட வேண்டியிருக்கிறது. இந்த இழப்பு உண்மையானது. அதை ஏற்றுத்தான் அந்த முடிவை எடுத்தோம். மறுபடி கேட்டாலும் உடலில் நிறம் பூசச் சம்மதிக்க மாட்டேன்.

ஆழமான கேள்வி ஒன்றை எழுப்பியவர், ஊரில் சமண நூல்கள் கற்ற ஒரு மூதாட்டி. படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுப் பெரியவரிடம், “இவங்க யாரும் மரத்தை வெட்டலையே தம்பி. வெட்டணும்னு நெனச்சாங்க, சொன்னாங்க. அவ்வளவுதானே?” என்றார். பெரியவர் நூலைத் திறந்து பார்த்தார். மூதாட்டி சொன்னது சரி. அந்த ஆறு பேரும் மரத்தைப் பார்த்து மனத்தில் நினைத்து வாயால் சொல்வதோடு கோம்மடசாரம் நின்றுவிடுகிறது. கோடரி விழுவதே இல்லை. எண்ணம் எழுந்த கணத்திலேயே சாயல் படிந்துவிடுகிறது என்பதுதான் கதையின் கூர்மை. பழைய படங்கள் எண்ணத்தைக் காட்ட முடியாமல் செயலாகக் காட்டின. நாங்கள் உடல் நிறத்தைக் கேள்வி கேட்டோம், செயலைக் கேள்வி கேட்காமல் விட்டோம்.

இதற்கிடையே இன்னும் சில பள்ளிகள் படம் கேட்டன. கொடுக்க முடியவில்லை. கட்டையில் வேர் தவிர எதுவும் மிச்சமில்லை. ஒரு படியை ஒளிவருடி ஆஃப்செட்டில் சுவரொட்டியாக அச்சிட்டுக் கொடுத்தோம், அது கையச்சு அல்ல என்று கீழே குறிப்பிட்டு. அந்தத் தாளின் வெளுப்பில் மணல் நிறம் மங்கி, உதிர்ந்த பழங்கள் தனித்துத் தெரியவில்லை. ஆறாவது லேச்யை அந்தச் சுவரொட்டியில் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

அடுத்த முறை மாற வேண்டியவை

பள்ளிகளுக்குப் போகும் பணிக்கு ஒரே கட்டை முறை பொருந்தாது. திரும்ப அச்சிட முடிவது இத்தகைய பணியின் அடிப்படைத் தேவை. நிறத்துக்கு ஒரு கட்டை என்று பிரித்தால் எத்தனை பள்ளி கேட்டாலும் கொடுக்கலாம். ஒரு நிறத்தின் இடம் தவறு என்று தெரிந்தால் அந்தக் கட்டையை மட்டும் மாற்றலாம். செலவும் உழைப்பும் கூடும். கலைஞர் இப்போது ஏழு கட்டைகளுக்குக் கணக்குப் போட்டுவைத்திருக்கிறார்.

வரைவுநிலையிலேயே, பார்க்கப்போகிறவர்களிடம் காட்டுவதைத் திட்டத்தின் பகுதியாக்க வேண்டும். இந்த முறை மை சோதிக்கச் செய்த சிறு படி தற்செயலாகப் பள்ளிக்குப் போனதால்தான் விஷயம் வெளிப்பட்டது. மூல ஓவியத்தோடு மூல நூலையும் முழுவதும் படித்துவிட்டுத்தான் பென்சில் எடுக்க வேண்டும். பெரியவர் நூலோடு வந்த அன்று நாங்கள் படித்தது லேச்யையின் இலக்கணத்தை. கதை வரும் பாடல்கள் அதே நூலில் சற்றுத் தள்ளி இருந்தன.

மழைக்காலத்தில் பருத்திக் காகிதத்தில் பல நிற அச்சு வேண்டாம். தையிலிருந்து சித்திரைக்குள் முடிப்பது நல்லது.

படத்தின் அமைப்பும் மாறுகிறது. புதிய வரைவில் மரம் முழுதாக இருக்கிறது, ஓர் இலையும் சேதமில்லை. கோடரிகள் மூட்டைக்குள். ஆறு இடங்களில் நிற்கும் அதே மனிதர் மரத்தைப் பார்க்கிறார், ஒவ்வொரு முறையும் வேறோர் இடத்தை. அவர் கண் போகும் இடத்தில் மட்டும் நிறம் இருக்கிறது. வேரைப் பார்க்கும் பார்வையில் கருமை, தரையில் கிடக்கும் பழத்தைப் பார்க்கும் பார்வையில் வெறும் தாள். பார்வையின் திசையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கண்டுகொள்ளுமா என்பது இன்னும் சோதிக்கப்படவில்லை. பென்சில் வரைவின் நகல்கள் இந்த வாரம் அதே பள்ளிக்குப் போகின்றன. மூதாட்டிக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறோம்.